தாஸுக்காகச் சாட்சி

ஞாயிறு, இரவு

தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டியில் மயங்கி விழுந்த தாஸ் இன்னும் கண் திறக்கவில்லை. அவன் தங்கள் ஆளே இல்லை என்கிறது நிர்வாகம். நேற்று சபையின் சார்பில் அரிசி மூட்டையோடு போனேன். அவன் மனைவி மேரி வாங்கவில்லை.

"அரிசி வேணாம் பாஸ்டர். அவரு அங்கதான் வேல செஞ்சாருன்னு யாராவது லேபர் ஆபீஸ்ல வந்து சொன்னா போதும்."

இன்று ஆராதனையில் அதையே கேட்டேன். தாஸோடு வேலை செய்பவர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அந்த டேனரியின் சூப்பர்வைசர் செல்வராஜின் மனைவி எழுந்து, "நாங்க வர்றோம்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

ஆராதனை முடிந்ததும் செல்வராஜ் என்னிடம் வந்தார்.

"என் வேல போய்டும் பாஸ்டர். உங்களுக்கு இன்னா, வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

அது உண்மைதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"காலைல எத்தன மணிக்குப் போவணும்?"

பத்து மணி என்றேன். அவர் மகளை இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருக்கிறார். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.