பாவாவுக்கு ஊட்டிய பஞ்சாமிர்தம்

சென்னை,
3-8-1979

அன்புள்ள அம்மாவுக்கு, சந்திரா வணக்கத்துடன் எழுதுவது. நானும் நர்சிங் விடுதி மூட்டைப்பூச்சிகளும் நலம். நீயும் நைனாவும் சுகமா?

உன் மூத்த மாப்பிள்ளை, என் பாவா, நலமில்லை. அதற்கு நீதான் காரணம்.

சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் எழுதி மாட்டியிருந்தோமே! ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் மருந்து வாங்கப் போன நேரத்தில், "மலைமேல இருந்து வந்த பிரசாதம், ஒண்ணும் பண்ணாதுங்க மாப்பிள்ளை" என்று நாலு கரண்டி பஞ்சாமிர்தம் ஊட்டிவிட்டுத் திருத்தணிக்கு ரயிலேறிவிட்டாய். பாவாவைக் கேட்டால், "அத்தை ஊட்டுறாங்க, எப்பிடி வேணாம்னு சொல்றது?" என்கிறார். நல்ல மரியாதை!

சோற்றைக் கரைக்க வேண்டிய கணைய நீர் அவருக்குக் கணையத்தையே தின்றுகொண்டிருக்கிறது அம்மா. வாயில் எது போட்டாலும் அது இன்னும் சுரக்கும் என்கிறார் டாக்டர். அன்று மாலையே ரத்த அழுத்தம் விழுந்தது. கைகால் சில்லிட்டது. மறுநாள் முழுக்கச் சிறுநீரே இறங்கவில்லை.

"யாருடி குடுத்தது?" என்று அக்கா கத்தினாள். உன் பெயரைச் சொன்னால் உன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று, நான்தான் என்றேன். வகுப்பில் தவளையை விட்டவள் இதையும் செய்வாள் என்று நம்பிவிட்டாள். நாலு நாளாக என்னோடு பேசவில்லை.

இன்று காலை குழாயில் அரை டம்ளர் சிறுநீர் இறங்கியிருக்கிறது. பிழைப்பார் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

என் பழைய போர்வையை எடுத்துக்கொண்டு உடனே வா. தின்பண்டம் எதுவும் வேண்டாம். வந்ததும், ஊட்டியது நீதான் என்று அக்காவிடம் உன் வாயால் சொல்லு.

டியூட்டிக்கு மணியடித்துவிட்டது.

சந்திரா