நீங்கள் ஒருநாளும் ஓட்டாத கார்

நூஹாட வாப்பாவுக்கு,

உங்கள் கபுறுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கி வெளிச்சமாக்கி வைக்கட்டும். இருந்த காலத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? பிள்ளையின் பெயரைக் கொண்டு கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் உங்கள் கார் போய்விட்டது. லொறியில் ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டி, படங்குச் சீலையால் மூடிக் கொண்டுபோனார்கள். அது கிடந்த கொட்டில் நின்ற இடத்தில் மேசன்மார் நூல் பிடித்து அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நூஹாவுக்கு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது. நல்ல பிள்ளை, மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் குடும்பம். முன் வீடு மூத்தவள் றிஸானாவுக்குப் போய்விட்டதால், இளையவளுக்குச் சீதன வீடு கட்ட வளவில் மிச்சம் இருந்தது உங்கள் கொட்டிலின் இடம் மட்டும்தான். இது உங்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் நீங்கள் இருக்கும்வரை நாம் இரண்டு பேருமே அதை வாயால் சொல்லவில்லை.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. பண்டாரவளையில் ஒரு கூட்டாளியின் வீட்டுக்குப் போனவர், ஒரு லொறியோடு திரும்பி வந்தீர்கள். தேயிலைத் தோட்டத்து பங்களா ஒன்றின் பின்பக்கம் கிடந்ததாம். கூரையில்லாத, தாழ்வான, சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு என்று தெரிகிற இங்கிலாந்துக் கார். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் வாசல் கேற்றடியில் நின்று கேட்டேன்.

"எத்தின பேர் போகலாம்?"

"ரெண்டு பேர்."

"நம்மட வீட்டில நாலு பேர் இரிக்கம்."

"நான் வீட்டப் பத்திக் கதைக்கல்ல. ஒன்னயும் என்னயும் பத்திக் கதைக்கன்."

கல்யாணம் முடித்த நாளில் இருந்து உங்கள் சைக்கிளின் பின்னாலும், பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னாலும் இருந்து உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனவள் நான். பக்கத்தில் இருந்து போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"ஆறு மாசம். றோட்டுக்கு எடுத்திருவன்" என்றீர்கள்.

கழற்றுகிற வேலை உங்களுக்குச் சுலபமாக வந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கார் என் குசினி வரைக்கும் பரவிவிட்டது. ஜாம் போத்தல்களில் திருகாணி, பிஸ்கட் டின்னில் வாஷர், சோறு வடிக்கிற சட்டியில் மண்ணெண்ணெயில் ஊறும் கறுப்புச் சாமான்கள். சட்டி போனது போனதுதான். திரும்பப் பூட்டுகிற வேலைதான் உங்களை உருக்கியது. அந்தக் காரின் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு, கல்முனைக் கடைகளில் கிடைத்த ஸ்பேனரெல்லாம் மில்லிமீற்றர். ஒன்று தளர்வு, மற்றது இறுக்கம். வழுக்கி வழுக்கி நட்டின் மூலை தேய்ந்து, உங்கள் விரல் முட்டியில் தோல் உரிந்து, துவாயைச் சுற்றிக்கொண்டு வருவீர்கள். "என்ன, கார் அடிச்சிட்டா?" என்று கேட்டால், "நான்தான் அடிச்சன், அதுக்கு ஒண்டும் ஆகல்ல" என்பீர்கள்.

அதைவிட மோசம் கடல். இரண்டு றோட்டுக்கு அங்கால் கடல் கிடக்கும் சாய்ந்தமருதில், பழைய தகரத்தைத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வருவீர்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் அது துருவேறித் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மறுபடி தேய்ப்பீர்கள். உப்புக்காற்றோடு யார் போட்டி போட ஏலும்?

கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சட்டங்கள் உள்ளுக்குள் கறள் பிடித்து உளுத்துப்போயிருந்தன. கூரையில்லாத காரை நிமிர்ந்து நிற்க வைத்திருப்பதே அந்தச் சட்டங்கள்தான். நீங்கள் அவசரத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினீர்கள், நடுவில் முட்டுக் கொடுக்காமல். கார் கண்ணுக்குத் தெரியாத அளவு நடுவில் தொய்ந்தது. அப்படியே புதுத் தகரம் வைத்து ஒட்டி முடித்த பிறகுதான் கதவைச் சாத்திப் பூட்டிப் பார்த்தீர்கள். பூட்டவில்லை. மற்றப் பக்கமும் பூட்டவில்லை. அன்று மஃரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போனவர் இராத் தொழுகை இஷாவும் முடிந்த பிறகுதான் வந்தீர்கள். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னீர்கள்.

"முட்டுக் குடுக்காம பாரத்த எடுக்க ஏலா எண்டு புள்ளயளுக்குப் படிப்பிச்சதே நான்தான் சுபைதா."

எல்லாவற்றையும் மறுபடி வெட்டி, மறுபடி நிமிர்த்தி, மறுபடி ஒட்ட ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் உங்கள் பக்கத்துக் கதவு பூட்டியது. என் பக்கத்துக் கதவை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். "அது ஒன்ட கதவு, ஒனக்குத் தெரியும்தானே எப்பிடிப் பூட்டுறண்டு" என்றீர்கள்.

இன்ஜின் வேலைசெய்த நாளை நான் மறக்கவில்லை. கொட்டில் முழுக்கப் புகை. கோழிகள் மதிலுக்கு மேலால் பறந்தன. பக்கத்து வீட்டில் இருந்து சாஹிறா ராத்தா, காஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்துக் கத்திக்கொண்டு ஓடிவந்தா. நீங்கள் புகைக்குள் நின்று சிரித்தீர்கள். நூஹா பிறந்த அன்றைக்கு அப்படிச் சிரித்தீர்கள், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

ஆனால் கார் அசையவில்லை. கிளச்சை மிதித்தால் கியர் விழவில்லை. உள்ளே ஒரு ரப்பர் போய்விட்டது, விரல் நகம் அளவு ரப்பர். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நின்றுபோயிற்று. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. லண்டனில் இருந்த உங்கள் பழைய மாணவன் ஒருவன் வாங்கி அனுப்பிய பொதி எங்கோ காணாமல் போனது. மறுபடி அனுப்புகிறேன் என்றான். கல்முனையில் சாமான் கடைக்காரர் உங்களிடம் நேராகவே சொன்னார், "சேர், வேன் ரப்பர் ஒண்டு இதுக்குச் சரிவரும், போட்டுப் பாருங்க" என்று. நீங்கள் கேட்கவில்லை.

"அதுட சாமான் வரட்டும். வேற எதயும் போட்டா அது அந்தக் கார் இல்ல."

"ஓடினாப் போதாதா?"

"ஓடுறதுக்கு நம்மட்ட மோட்டார் சைக்கிள் இரிக்கி."

நான் சண்டை பிடிக்கவில்லை. உங்கள் பிடிவாதம் எனக்குப் பிடித்தும் இருந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து நீங்கள் இன்ஜினைப் போடுவீர்கள். நான் தேத்தண்ணியோடு வந்து என் கதவை இடுப்பால் தள்ளிப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கார் நின்ற இடத்தில் நின்று நடுங்கும். முன்னால் கொட்டிலின் தகரச் சுவர்.

"எங்க போறம்?" என்று கேட்பேன்.

"கோமாரி தாண்டிட்டம். இன்னம் கொஞ்ச நேரத்தில பொத்துவில்" என்பீர்கள்.

விளையாட்டுத்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் அந்தக் காரில் போன பயணம் அவ்வளவும் அதுதான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், நான் அந்த ரப்பரை என் கையாலேயே போட்டிருக்க மாட்டேனா?

அந்தப் பகலில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் இருந்தபோது, நூஹா வாகனம் தேடி றோட்டுக்கு ஓடினாள். கடைசியில் ஒரு த்ரீவீலர் கிடைத்தது. உங்களைத் தாங்கிக்கொண்டு கொட்டிலைக் கடந்துதான் கேற்றுக்குப் போனோம். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு முந்திப் போயிருந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் சொன்னார். நான் அவரை நம்புகிறேன். நம்புகிறேன் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு இத்தா, கைம்பெண்ணாக நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுப்போடு வீட்டுக்குள் இருந்தேன். கேற்றைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் யாரும் வரக் கூடாது. யன்னலைத் திறந்தால் உங்கள் கொட்டில். எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டே இருப்பது? ஒருநாள் போய்த் தூசு துடைத்தேன். மறுநாள் ஒரு ஜாம் போத்தலைத் திறந்து, எந்தத் திருகாணி எதற்கு என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் காருக்குக் கீழே கிடந்து "மிதி... விடு... மறுகா மிதி" என்று சொல்லச் சொல்ல, உங்கள் சீற்றில் இருந்து பெடல் மிதித்தவள் நான்தானே. யோசித்துப் பார்த்தால், அந்தச் சீற்றில் உங்களைவிட நான்தான் கூட நேரம் இருந்திருக்கிறேன்.

சாஹிறா ராத்தா கண்டுவிட்டா.

"என்னகா இது? இத்தாவில இரிக்கிற பொம்புள கிறீஸ் பூசிக்கிட்டு நிக்கிற?"

"வளவுக்குள்ளதானே ராத்தா நிக்கன்."

"ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"அவர்ட சாமான அவர்ட பொண்டாட்டி தொடுறா எண்டு கதைக்கட்டும்."

ராத்தா வீட்டுக்குப் போய், என் உடுப்புக்கு மேலால் போட ஒரு பழைய சாரனைக் கொண்டுவந்து தந்தா. அதை எழுதினால் நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று எழுதுகிறேன்.

அந்த நாட்களில்தான் லண்டனில் இருந்து பொதி வந்தது. உங்கள் பெயர் போட்டு, 'சேருக்கு அன்புடன்' என்று எழுதி. நூஹாவும் நானும் இரண்டு பேருமாகப் பிரித்தோம். ரப்பரை எடுத்து வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. நம் காருக்குப் பிந்தி வந்த மொடல் ஒன்றின் ரப்பர் என்று பெட்டியில் இருந்தது, ஒரு நூல் பெரிசு.

நீங்கள் காத்திருந்து காத்திருந்து, வந்தது இது. எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம். நூஹாவைக் கல்முனைக்கு அனுப்பி அந்தக் கடைக்காரர் சொன்ன வேன் ரப்பரை எடுப்பித்தேன். அவளைச் சீற்றில் இருத்தி, நான் கீழே கிடந்து, "மிதி... விடு" என்றேன். வெள்ளை உடுப்பெல்லாம் எண்ணெய். கடைசியில் நான் தவழ்ந்து வெளியே வந்து ஓரமாக மண்ணில் இருக்க, நூஹா இன்ஜினைப் போட்டுக் கியரைப் போட்டாள். விழுந்தது. கார் மெதுவாகப் பின்னால் அசைந்து, கொட்டிலை விட்டு வெளியே வந்து, கிணற்றடியில் போய் நின்றது.

"உம்மா, ஓடுது!" என்று பிள்ளை கத்தினாள்.

நான் மண்ணில் இருந்து எழும்பவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன வேலைதானா நமக்கும் கோமாரிக்கும் நடுவில் நின்றது?

இத்தா முடிந்த பிறகு, ஏற்கெனவே லைசன்ஸ் எடுத்திருந்த நூஹா என்னை அந்தக் காரில் கிட்டங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நாவிதன்வெளி வயல் பச்சையாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. பாலத்துக்குக் கிட்டப் போகும்போது என் காலுக்குக் கீழே தகரம் விட்டுக்கொடுத்தது. குனிந்து பார்த்தேன், ஓட்டைக்குள்ளால் றோட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பட்டி பூசி மினுக்கிய இடமெல்லாம் உள்ளுக்குள் மறுபடி கறள் தின்றிருந்தது. இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, கடலுக்குப் பக்கத்தில் இந்தக் கார் பிழைக்காது என்று.

கண்டியில் இருந்து வந்த தம்பி ஒருவர்தான் காரை விலைக்கு எடுத்தார். இப்படியான கார்களைத் திருத்துகிற ஆள். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் கீழே படுத்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"உம்மா, மனசு நோக வேணாம். ஒட்டினதெல்லாம் வெட்டி எறியத்தான் வேணும். கீழ்ப்பக்கம் புதுசா அடிக்கணும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

பிறகு கிளச்சைப் பார்த்தார். "இது யாரு போட்ட?"

"நான்தான். வேன் ரப்பர். வேணுமெண்டா மாத்துங்க."

"இல்ல, இது நல்லாப் புடிச்சிருக்கு. இது கிடக்கட்டும்."

அதைக் கேட்டு நான் உள்ளே போய்விட்டேன். உங்கள் ஏழெட்டு வருட உழைப்பு, தோல் உரிந்த விரல், பள்ளியில் இருந்து பிந்தி வந்த அந்த இரவு, அவ்வளவும் கண்டியில் ஒரு கராஜின் மூலையில் வெட்டித் தகரமாகக் கிடக்கப் போகிறது. இந்த வீட்டில் இருந்து அந்தக் காரோடு போகிற ஒரே வேலை, நீங்கள் வேண்டாம் என்ற வேலை. இது நியாயமா? நீங்கள் போட்டது ஒன்றாவது மிஞ்சியிருக்கக் கூடாதா?

லொறி றோட்டுக்குத் திரும்பும்வரை நான் கேற்றடியில் நின்றேன். மேசன்மார் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். நூஹா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கார் ஓட்டப் பழக்கி விடு மகள்" என்றேன்.

"இந்த வயசிலயா உம்மா?"

"ஓம். ஒன்ட கல்யாணத்துக்கு முந்தி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கார் கிடைக்குமோ தெரியாது. றிஸானாவின் மாப்பிள்ளையின் பழைய வேனாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் லைசன்ஸ் எடுப்பேன், இது உங்களுக்குத் தருகிற வாக்கு. எடுத்த அன்றைக்கு நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடி மதில் ஓரமாக நானே ஓட்டிக்கொண்டு வருவேன். பெண்கள் வரும் வழக்கமில்லை, உள்ளே வர மாட்டேன். வாகனத்தை நிறுத்தி, இன்ஜினை நிறுத்தாமல், உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவேன்.

உங்கள் பக்கத்துச் சீற்றுக்காரி,
நூஹாட உம்மா சுபைதா