எட்டுப் பக்க வரைவு

குரும்பகரம்
9.1.2024

அன்புள்ள தஹ்ஸீன்,

நலம்தானே? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மின்னஞ்சல். போன வாரத்து நேர்காணலும் போயிற்று. ஒரு இடத்துக்கு நாற்பத்தாறு பேர். "முனைவர் பட்டம் வாங்கி ரெண்டு வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்றார்கள்.

சும்மா இல்லையடி. மண்டபத்தூரில் இறால் உரிக்கும் பெண்களின் கைப்புண் எந்த மருந்துக்கும் ஏன் ஆறுவதில்லை என்று எட்டு மாதமாக வீடு வீடாகப் போய் விசாரித்திருக்கிறேன். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான வரைவை இணைத்திருக்கிறேன், எட்டுப் பக்கம். உன் ஆய்வகத்து மேடத்திடம் காட்டுவாயா? அவர் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்தால்தான் நான் விண்ணப்பிக்கவே முடியும்.

அப்பா, "இந்த வருஷத்தோட விட்டுடும்மா, போதும்" என்கிறார்.

உன்
சுகி

சென்னை
2.2.2024

அன்பு சுகி,

நுண்ணுயிரியல் வகுப்பில் நீ எழுதிய குறிப்பைப் பார்த்துத்தான் நான் தேறினேன். இதுவும் அப்படித்தான் இருக்கிறது, அவ்வளவு தெளிவு. மேடத்திடம் கொடுத்துவிட்டேன். பொறுத்திரு.

ஆய்வகத்தில் என் வேலையும் மார்ச்சோடு முடிகிறது, நீட்டிப்பு கிடையாதாம். வாப்பா துபாயிலிருந்து வேலை போய் வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
தஹ்ஸீன்

குரும்பகரம்
20.4.2024

அன்புள்ள தஹ்ஸீன்,

அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள்தான். மண்டபத்தூர் அஞ்சுகம் அக்காவுக்கு இப்போது விரல் மடங்குவதில்லை. "டாக்டருங்க எப்பம்மா வருவாங்க?" என்று கேட்கிறார். இல்லையென்றால் இல்லை என்றாவது எழுது.

சுகி

சென்னை
11.8.2024

சுகி,

எத்தனையோ முறை எழுதி அழித்தேன். மேடம் வரைவைப் படித்துவிட்டு, "இது யாரோட யோசனை?" என்றார். "என்னோடது மேடம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

உதவித்தொகை என் பெயரில் வந்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு. அடுத்த மாதம் மண்டபத்தூர் வருகிறோம். அந்தப் பெண்களுக்கு என்னைத் தெரியாது. நீ கூட வந்தால்தான் கதவைத் திறப்பார்கள். களப்பணியாளர் இடம் ஒன்று இருக்கிறது, உனக்கே தரச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

தஹ்ஸீன்

குரும்பகரம்
18.8.2024

தஹ்ஸீன்,

களப்பணியாளர் இடம் வேண்டாம். திங்கட்கிழமை முதல் காரைக்காலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போகிறேன். பட்டத்தைச் சொல்லவில்லை, சொன்னால் எடுத்திருக்க மாட்டார்கள். இனி எங்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை.

நேற்று மண்டபத்தூர் போய் நீங்கள் வருவதைச் சொல்லிவிட்டேன். அஞ்சுகம் அக்கா, "நீ வரலியாம்மா?" என்றார். "வர்றவங்க நல்லா பாப்பாங்கக்கா" என்றேன். காலை பத்து மணிக்கு மேல் போ, அதற்குமுன் யாருக்கும் பேச நேரமிருக்காது. கேட்டுவிட்டுக் கையைத் தொடு. மாதிரி எடுத்துக்கொண்டு மருந்து தராமல் திரும்பிவிடாதே.

எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்தால், "புள்ளைக்குச் சோறு போடும்மா" என்பார். என்னால் பரிமாற முடியாது.

சு. சுகிர்தா