பாறை ஓணானும் உன் அப்பாவும்

அன்புள்ள முரளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை; உன் அப்பா விட்டால்தானே! நீ விழித்திருக்கும் நேரத்தில் போனில் சொல்லலாமென்றால் இவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் டொரண்டோ வரும் பக்கத்து வீட்டு ஸ்ரீலட்சுமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பேங்க்கில் ரிட்டயர் ஆனவர்கள் கோயிலுக்குப் போவார்கள், சீட்டாடுவார்கள். இவர் விடிந்ததும் விருமாண்டி ஆட்டோவில் கீழக்குயில்குடிக்குப் போய்ப் பாறை ஓணானைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. பெட்டை எப்போதும் பாறை நிறமாம். ஆண் மட்டும் இந்தக் கோடையில் முதுகு சிவந்து, விலா கறுத்து, பாறை உச்சியில் ஏறித் தலையை ஆட்டுமாம். இன்னொரு ஆண் வந்தால் சட்டென்று நிறத்தை மாற்றுமாம். இணை சேரும் காலம் முடிந்ததும் முக்கால்வாசி ஆண்கள் செத்துப்போகுமாம். எனக்கு எதற்கு இதெல்லாம்?

இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியாயிற்று. "அப்புறம் ஒரு மாசம் தூசியில போகக்கூடாதாம். அதுக்குள்ள அது செத்துப்போயிரும். சீசன் முடியட்டும்" என்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வேறு.

வியாழக்கிழமை விருமாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, ஐயா கல்லு தட்டி விழுந்துட்டாரு. எம்புட்டு கூப்பிட்டும் வரமாட்டேங்குறாரு, நீங்க வாங்க" என்றார். போனேன். முழங்காலில் ரத்தம். துடைக்கக்கூட விடாமல், "அங்க பாரு, என்ன சிவப்பு! எப்படித் தலைய ஆட்டுது!" என்று உச்சியைக் காட்டினார்.

அங்கே ஓணான் இல்லை, முரளி. சிவப்பு பிளாஸ்டிக் பை ஒன்று பாறை இடுக்கில் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

விருமாண்டி வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். "ஆமாங்க, ஆட்டுது" என்றேன். திரும்பும் வழியெல்லாம், விருமாண்டிக்குப் புரியாது என்ற தைரியத்தில், நம் வீட்டுப் பாஷையில் திட்டித் தீர்த்தேன். இவரோ சந்தோஷமாக வந்தார்.

இரண்டு வருஷமாக நீ வரவில்லையென்ற கோபத்தில் உன் போனை வாங்க மாட்டேன் என்கிறார். நீயும் அவரைப் பற்றிக் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி என்று நானே நாள் வாங்கிவிட்டேன். இழுத்துக்கொண்டு போக என்னால் ஆகாது.

நீயும் மருமகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். கண் கட்டைப் பிரிக்கும்போது எதிரே என் முகம் தெரிந்தால் சண்டைக்குத்தான் வருவார். நீ வந்து நில்.

உன் அம்மா,
ஹம்சவேணி