ஆறிப்போன டீ

ஏனுங்க,

நேற்று எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. நீங்கள் போனபிறகு நான் சரவணம்பட்டியில் மகளோடுதான் இருக்கிறேன். இன்று மதியம் மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக் கொண்டுவந்து, படிக்கட்டுக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். கீரை வாங்க இறங்கியவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். காயிலின் மேல் ஊற்றிக் காயவைக்கிற வார்னிஷின் வாசனை. மூக்குக்குள் லேசாக எரியும். கீரைக்காரம்மா, "ஏனுங்க, கிறுகிறுன்னு வருதுங்களா? இப்பிடி உக்காருங்க" என்று கையைப் பிடித்தார். கீரை வாங்காமலே மேலே வந்துவிட்டேன்.

யூசுப்பின் சட்டையில் இந்த வாசனைதான் அடித்தது. நம் வீட்டு முன்னறையில் அவனை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அந்த நாட்களுக்கு அப்புறம் நீங்கள் இருந்தவரை அவனைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் நான் கத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு கத்தினாலும் நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள். குறுக்கே பேசுகிற ஆள் எப்போதும் நீங்கள் இல்லைதானே.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊரில் குண்டுகள் வெடித்த அந்த மாசி மாதம். என் தம்பி குமரேசன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேட்டி விற்றுக்கொண்டிருந்தான். கடை வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன வண்டி வெடித்தது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு என்ன மிச்சமிருந்தது என்று டாக்டர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை, போர்வையை விலக்கிப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை. காரமடையிலிருந்து அண்ணனும் அம்மாவும் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார்கள். காலையில் நான் கஞ்சி கொண்டுபோவேன். அவனுக்கு இறங்காது. தூக்குப் போசியோடு திரும்பி வருவேன். உக்கடத்தில் எரிந்துபோன கடைகளின் கரி வாடை பஸ்ஸுக்குள் வரும். பிடித்தவனையெல்லாம் நிறுத்திச் சுட்டுப்போட வேண்டும் என்று பஸ்ஸில் ஒருத்தர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். தம்பி அப்படிக் கிடக்கும்போது நான் வேறு என்ன செய்வேன்.

நீங்கள் அப்போது மாஜிஸ்திரேட். விடுமுறை நாளில் கைது செய்தவர்களை நம் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள், காவலில் வைக்க உத்தரவு வாங்க. அதற்கு உங்களுக்கென்று ஒரு வழக்கம். போலீஸாரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கொண்டுவந்த ஆளை மட்டும் முன்னறையில் உட்காரவைத்து ஒரு டம்ளர் டீ கொடுக்கச் சொல்வீர்கள். சைக்கிள் திருடினவனோ சாராயம் காய்ச்சினவனோ, யாராக இருந்தாலும் டீதான். அவன் குடித்து முடிக்கும்வரை ஒரு கேள்வியும் கிடையாது. ஏதோ காகிதம் பார்ப்பதுபோல இருப்பீர்கள். "டீத்தூளும் சர்க்கரையும் கவர்மெண்டுல குடுக்கறாங்களா?" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சிரிப்பீர்கள், அவ்வளவுதான். உங்களுக்கு இளகின மனசு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"மோட்டார் காயில் கட்டறவனுங்க ஐயா. பட்டறையில ஒயரு, டைமரு எல்லாம் சிக்கியிருக்குதுங்க. துணிக்கடை வாசல்ல வண்டிய நிறுத்துனது நாந்தான்னு ஒத்துக்கிட்டானுங்க. இன்னும் கொஞ்ச நாளு எங்க கஸ்டடிக்குக் குடுங்க, மத்தவனுக பேரையும் வாங்கிப்போடறோம்."

"ஒயரும் டைமரும் இல்லாத மோட்டார் பட்டறை இந்த ஊர்ல எதுங்க?" என்றீர்கள். "கரண்டு வர்ற நேரத்துக்கு மோட்டார் தானா ஓடோணும்னு தோட்டத்துக்காரங்க வாங்கற சாமான்தானுங்களே அது. சரி, நீங்க வெளியில இருங்க."

பிறகு அவனிடம் திரும்பி, "உக்காருங்க" என்றீர்கள். அவனுக்கு ஒரு மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பியைக் கிழித்துப்போட்டவன் இவன்தான் என்று இப்போதுதானே அந்த மனுஷன் சொன்னார். காலையில் போட்ட டீ பாத்திரத்தின் அடியில் ஏடு கட்டிக் கிடந்தது. அதைச் சூடுகூடப் பண்ணாமல் அப்படியே டம்ளரில் ஊற்றினேன். ஆஸ்பத்திரியில் ஒருத்தனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை, இவனுக்கு எதற்குச் சூடு? வேண்டுமென்றேதான் செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதற்காக நான் வருத்தப்படமாட்டேன்.

பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த சட்டையையே அவன் போட்டிருந்தான். வியர்வையும் வார்னிஷும் கலந்த நாற்றம். "குடுங்கக்கா" என்று கையை நீட்டினான். விரல்கள் டம்ளரைச் சுற்றி மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டாலும் அதை அணைத்துப் பிடிக்கப் பார்த்தான். நழுவி மடியில் கவிழ்ந்தது. கூசிப்போய், "துணி இருந்தாக் குடுங்கக்கா, தரையத் தொடச்சுப்போடறேன்" என்றான். நீங்கள் எழுந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"உங்கள யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லைங்க சார்."

"கேட்டுக்கு அந்தப்பக்கம் கேக்காது. சொல்லுங்க."

"நல்லாத்தானுங்க பாத்துக்கிட்டாங்க."

"கையத் தூக்குங்க."

நெஞ்சு உயரத்துக்கு மேல் அவன் கை போகவில்லை. போலீஸ் காவல் கிடையாது, டாக்டர் பார்த்தபிறகு நேராக ஜெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதினீர்கள். ஏன் என்றும் எழுதினீர்கள், டம்ளர் விழுந்ததையும் சேர்த்து. ஜீப் கிளம்பியதும் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. செத்துக்கொண்டிருப்பவன் உங்கள் மச்சான் என்பதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அப்போது சொன்னீர்கள்:

"எங்கப்பன் வேலை பாத்த பண்ணையத்துல மோட்டார் ஒயரு காணாமப் போச்சுன்னு போலீசுல அவரக் கூட்டிட்டுப் போனாங்க. கையப் பின்னால கட்டித் தொங்க விட்டாங்க. மேலுக்கு ஒரு கீறல் இல்லை. சாகற வரைக்கும் சோத்த அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியல அம்மணி. இவன் செஞ்சானா இல்லையான்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது. அந்தக் கை எனக்குத் தெரியும்."

டீ எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் உங்கள் அப்பாவின் கையைப் பற்றி நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கிறீர்கள். அதற்கும் கோபம் வந்தது.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது போலவே, யூசுப்புக்கும் டாக்டர் 'வெளிக்காயம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ்காரர்கள் மேலிடத்தில் உங்கள் மேல் புகார் கொடுத்தார்கள். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது, எவர்சில்வர் டம்ளர், யார் பிடித்தாலும் விழத்தான் செய்யும், மாஜிஸ்திரேட்டு வேண்டுமென்றே கதை கட்டுகிறார் என்று. விசாரிக்க ஒரு மூத்த நீதிபதி வருவதாக இருந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் யூசுப் மறுபடி போலீஸ் கைக்குப் போவதும் போகாததும். முன்னறையில் அன்று இருந்தது நீங்கள், அவன், நான். அவன் சொல் எடுபடாது. உங்கள் மேல்தான் புகாரே. என்னைத்தான் கேட்பார்கள்.

ஊர் அதற்குள் முடிவு பண்ணிவிட்டது. நம் கேட்டில் சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். பால்காரர், "நாளையிலிருந்து வேற ஆளப் பாத்துக்கங்க அம்மணி, தப்பா நெனைக்காதீங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நின்றார். அண்ணன் வந்தான்.

"டீ சுடச்சுட இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. பொய்யா சொல்லச் சொல்றேன்? டீன்னாச் சுடத்தான செய்யும்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. நீங்களோ, நான் சாட்சி என்பதால் என்னிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று முன்னறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டீர்கள். 'உண்மையைச் சொல்லு' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் உங்களோடு சண்டை போட்டுவிட்டு அண்ணன் பக்கம் போயிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணினீர்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் குமரேசனுக்கு நினைவு தெளிந்தது. கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் சொன்னான்.

"வண்டிய நிறுத்துன ஆளப் பாத்தங்க்கா. இங்க நிறுத்தாதீங்கன்னு நாந்தான் போய்ச் சொன்னேன். சிரிச்சுட்டு, இப்ப எடுத்தர்றனுங்கன்னான். மறுக்காப் பாத்தாச் சொல்லிப்போடுவேன். போலீசு ஏன் இன்னும் வந்து எங்கிட்டக் கேக்கல?"

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்தார், டீ விஷயமாக என்னிடம் நயமாகப் பேச. அவரிடம் சொன்னேன். தம்பியைப் போய்க் கேளுங்கள், யூசுப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நாலு பேரோடு நிறுத்திக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒத்துக்கிட்டவனுக்கு இன்னும் சாட்சி எதுக்குங்கம்மா? தம்பி நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுங்க."

உங்களிடமும் சொன்னேன். புகார் இருக்கும்போது அந்த வழக்கில் கைவைக்க முடியாது என்றீர்கள். ஆனாலும் குமரேசனிடம் வாக்குமூலம் வாங்கச் சொல்லி மேலே எழுதினீர்கள். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வருகிற காக்கிச் சட்டை எல்லாம் அடுத்த வார்டுக்குப் போனது.

மூத்த நீதிபதி நம் வீட்டுக்கே வந்தார். உங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, யூசுப் உட்கார்ந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"டீ எப்படிம்மா இருந்தது?"

"ஆறிப்போய் இருந்ததுங்க. காலையில போட்டது. ஏடு கட்டியிருந்துச்சு."

"வீட்டுக்கு வந்தவருக்கு ஆறின டீயா கொடுத்தீங்க?"

"ஆமாங்க. குடுக்கப் புடிக்கலைங்க. என்ற தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கறான். இவந்தான் செஞ்சான்னாங்க. அதனாலதான் சூடு பண்ணலைங்க."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். உங்களுக்காகவோ யூசுப்புக்காகவோ நான் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தப்பு. அவனை மறுபடி கொடுத்தால் இன்னும் பத்துப் பேரை அவன் வாயால் சொல்லவைப்பார்கள், என் தம்பியிடம் யாரும் வரவே மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. குமரேசனுக்காகத்தான் சொன்னேன்.

அவர் எழுதியதால் யூசுப் மறுபடி போலீஸ் கைக்குப் போகவில்லை, ஜெயிலிலேயே இருந்தான். குமரேசனைக் கேட்க அப்போதும் யாரும் வரவில்லை. வாரம் முடிவதற்குள் அவன் செத்துப்போனான்.

காரமடையில் எடுத்தார்கள். நீங்கள் முறைப்படி கோடித் துணியோடு வந்தீர்கள், செத்தவன் மேல் அக்கா புருஷன் போடவேண்டிய துணி. அண்ணன் பந்தலுக்கு வெளியே வந்து உங்களைக் கைகூப்பிக் கும்பிட்டான். "உங்க கோடி வேண்டாமுங்க. அந்தப் பையனுக்கே கொண்டுபோய்ப் போடுங்க" என்றான். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்த 'ங்க'வை விடவில்லை. நீங்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றீர்கள். நான் பந்தலுக்குள் இருந்தேன். எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றதற்காக அம்மா சாகும்வரை என்னோடு பேசவில்லை. அங்கே நின்றபோது உங்கள் மேல் எனக்கு அன்பு பொங்கியது என்றெல்லாம் இல்லை. கால் தானாக வந்தது.

சீக்கிரமே உங்களைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். யூசுப் வருஷக்கணக்காக உள்ளே இருந்தான். கடைசியில், ஒத்துக்கொண்டதாகச் சொன்னதைத் தவிர அவன் மேல் ஒன்றும் இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. அவன் பட்டறையை வேறொருவர் நடத்துகிறார் என்றும், மெல்லிய கம்பியைப் பிடிக்க அவன் விரல் வருவதில்லை என்றும் பேப்பரில் வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து என் பக்கம் தள்ளினீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

ஊரில் இன்னும் சொல்கிறார்கள், மனித உரிமை அது இதுவென்று பேசினதால்தான் குற்றவாளிகள் தப்பித்தார்கள் என்று. மருமகன்கூடச் சாப்பிடும்போது சொல்வார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வண்டியை நிறுத்தினவனைக் கண்ணால் பார்த்த ஒருத்தன் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தான் என்றும், ஒருத்தன் தோளை முறித்து ஒரு பதிலை வாங்கிவிட்டதால் இவனைக் கேட்க யாருக்கும் வேலை இல்லாமல் போனது என்றும் அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டுப் போன அந்த ஒருத்தன் மேல் இருக்கிறது மட்டும் போகவில்லை, அதை வைக்க ஒரு முகமும் இல்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண மண்டப வாசலிலோ, நம் வயசுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இப்ப எடுத்தர்றனுங்க" என்று வண்டியை நகர்த்தினால் நான் நின்று அவர் முகத்தையே பார்க்கிறேன். அந்த ஒருத்தன் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கலாம். பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். என் தம்பியைக் கொன்றது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாதுங்க.