தாழைப்பாக்கத்துக் காணியாளர் தம்பியைத் தேர்ந்தமை

செங்கால் ஆற்றின் வடகரை காத்துக் குன்றையூரில் வீற்றிருக்கும் கோவேள் அதியரையன், தென்கரை முல்லைமங்கலத்து வேந்தும் தன் உடன்பிறந்த இளவலுமாகிய கொற்றங்கோவுக்கு விடுக்கும் ஓலை. நின் வயல்கள் விளைக. நின் குடி நோயற்று வாழ்க.

என் நகரம் மதிலுக்குள் அடங்காமல் பெருகியதால், நம் இரு எல்லைக்கும் நடுவிலுள்ள தாழைப்பாக்கத்தை நகரோடு சேர்க்கக் கருதி, எல்லைக்கல் நட ஆணையிட்டேன். நட்ட கற்களை அவ்வூர்க் காணியாளர் பிடுங்கி வண்டியிலேற்றி என் அவையின் முன் இறக்கினர். உரியவர் ஒப்பாத நிலம் எந்நகரிலும் சேராது என்னும் நம் தந்தையின் சட்டத்தைச் சுட்டி, தாங்கள் நின் நகரில் சேர விரும்புவதாகவும் உரைத்தனர்.

தெருவும் குளமும் காவலும் தருவதாகச் சொன்னேன். அவர்கள் அசையவில்லை. அப்படி என் தம்பி என்னதான் தந்தான் என்று கேட்டேன். தென்னந்தோப்புக்கு உரியவளான வெள்ளச்சி என்பாள் முன்வந்து சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுவிக்கிறேன்:

"அவரு ஒண்ணும் தரலைங்க. கால்வாய் வெட்டறப்போ எங்க வாசல்ல வந்து நின்னு, தோப்பு வழியா வெட்டிக்கலாமான்னு கேட்டாரு. முடியாதுன்னோம். சரின்னு சுத்திப் போயிட்டாரு."

படைத்தலைவன் என் செவியருகே குனிந்து, அரை நாளில் ஊரைக் கைக்கொள்ளலாம் என்றான். உடனே அவனை மறுக்க எனக்கு நா எழவில்லை. சிறுவயதில் நம் தாயின் மடியில் நீ இருக்கக் கண்டபோது எரிந்த அதே நெஞ்சு அன்றும் எரிந்தது. நின் கால்வாய்க்காக அன்று. நின் நிலத்துக்காகவும் அன்று. என் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல என் குடிகளுள் ஒருவரும் இதுவரை துணிந்ததில்லை. நின்னிடம் அதைத் தாழைப்பாக்கத்தார் அஞ்சாமல் சொல்லிவிட்டு, நின்னையே விரும்பியும் இருக்கிறார்கள்.

படைத்தலைவனை அனுப்பிவிட்டேன். சட்டப்படி தாழைப்பாக்கம் இன்றுமுதல் முல்லைமங்கலத்தின் பகுதி. அங்குள்ள வீடும் தோப்பும் கிணறும் உரியவருக்கே உரியன. என் அலுவலர் எவரும் அவ்வெல்லைக்குள் அளவுகோலோடு புகலாகாது.

நன்றி சொல்லி ஓலை விடுக்க வேண்டா. இவ்வாண்டு வேனில் விழாவுக்கும் நீ வர வேண்டா. வந்தால் என் நகரத்தாரும் நின்னையே பார்த்து நிற்பர், அதை நான் பொறுக்கமாட்டேன். அடுத்த ஆண்டு வா.

இது நம் இலச்சினை இட்ட ஆணை. 'அடுத்த ஆண்டு வா' என்றது மட்டும் தமையன் கேட்பது.