அம்மா ஏறுகிற வண்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே உங்கள் நான்கு பேர் சுகத்தையும், உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் ஐந்தாவது ஆளின் சுகத்தையும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் போதும், அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது பக்கத்து வீட்டு டீச்சரோடு கடைக்குப் போயிருக்கிறாள், திரும்பி வருவதற்குள் எழுதிக் கவரை ஒட்டிவிட வேண்டும்.

நீங்கள் புதிதாக வாங்கப்போகிற வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் செய்து, அப்பா மினிவேன்தான் நமக்கு வசதி, அவர்கிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்றாய். மறுநாளே மாப்பிள்ளை போன் செய்து, மாமா எஸ்யூவிதான் கம்பீரம், மினிவேன் ஸ்கூல் வேன் மாதிரி இருக்கு, நீங்க சொன்னா அவ கேப்பா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்றார். நல்ல ஜோடிப் பொருத்தம் போங்கள்! உள்ளதைச் சொன்னால் நான் மாப்பிள்ளை கட்சி. உயரமான வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிற சுகமே தனி. அம்மாவையும் என் கட்சியில் இழுத்துப்போட்டால் உன் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளைக் கார் ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன்.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு கவலை, அது உனக்கும் தெரியும். பிரசவத்துக்கு வாம்மா என்று நீ கூப்பிட்டதிலிருந்து அம்மா பிடி கொடுக்காமல் நழுவுகிறாள். ஒரு நாள் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்கிறாள், இன்னொரு நாள் அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காது என்கிறாள். முதல் இரண்டு பிரசவத்துக்கும் டிக்கெட் எடுக்கும் முன்பே பெட்டி கட்டி நின்றவள் இவள்தான். கேட்டால் ஒண்ணுமில்லையே என்கிறாள். எனக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. நீ போனில் அழுததை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஷோரூமில் கறுப்பு நிற எஸ்யூவி ஒன்று பளபளவென்று நின்றது. நான் ஒரே தாவலில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, வராத வண்டிகளுக்கு ஹாரன் அடித்து, ஒரே அமர்க்களம். அம்மா பின்கதவருகில் நின்றாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள், மற்றதை எடுக்கவில்லை. செருப்பு வழுக்குது என்றாள். பிறகு பை கனமா இருக்கு என்று என்னிடம் நீட்டினாள். அப்புறம், நான் வெளியிலேருந்தே பாத்துக்கிறேன், நீங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க என்றாள். அங்கே வேலை செய்கிற பெண் நல்ல மனசோடுதான் ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. போன வருஷம் உங்கள் வீட்டு வாசலில், மாப்பிள்ளையின் நண்பருடைய உயரமான வண்டியில் அம்மாவை ஏற்றிவிட மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்க, பெரியவன் பின்னாலிருந்து ஏலேலோ பாடித் தள்ள, எல்லோரும் சிரித்தோமே, அம்மாவும் சேர்ந்து சிரித்தாளே, அன்றைக்கு. அதற்குப் பிறகு பார்க் என்றாலும் கடற்கரை என்றாலும் தலைவலி, நீங்க போயிட்டு வாங்க என்று உங்கள் வீட்டு ஜன்னலோரமே கதி என்று கிடந்தாள். நாம் போய்விட்டு வந்தோம், பாப்பா. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூலையில் ஒரு மினிவேன் நின்றது. அந்தப் பெண் பட்டனை அமுக்கியதும் கதவு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அம்மா யாரையும் பிடிக்காமல், வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழைந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விட்டாளா, பட்டனைத் தானே அமுக்கி மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கதவு இடுக்கில் என்னைப் பார்த்து, ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் தரையோட தரையா நிக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்களே, கட்டின பொண்டாட்டிக்குக் கால் எட்டுதான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் சட்டென்று போனைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. லிஃப்டுக்கும் மாடித் தரைக்கும் ஒரு விரற்கடை ஏற்ற இறக்கம் இருந்தால்கூடப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிற மெக்கானிக் நான். அப்புறம் அவளே மெதுவாக, முட்டி மடங்க மாட்டேங்குதுங்க, இந்த மாதிரி வண்டி இருந்தா நான் எங்க வேணாலும் வருவேன் என்றாள்.

ஆகவே நான் கட்சி மாறிவிட்டேன், மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. அவர் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஸ்கூல் வேன் மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எதை ஓட்டப் போகிறார்? முட்டிக்கு வைத்தியம் பார்க்க வியாழக்கிழமை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், நழுவ விடமாட்டேன். நீ கனமான எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறாதே. கதவோர சீட் அம்மாவுக்கு, பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், ஐந்தாவது ஆள் சுகமாக வந்து சேரட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

அம்மா எழுதுறேன். கவரை ஒட்டுறதுக்குள்ள வந்துட்டேன், எல்லாத்தையும் படிச்சுட்டேன். நீ அழுததை ஏன்டி என்கிட்ட சொல்லல? பரண்ல இருந்த பெட்டியை இறக்கியாச்சு. மாப்பிள்ளைக்கு எது பிடிக்குதோ அதையே வாங்குங்க, உசரமா இருந்தா ஒரு முக்காலி போட்டு வை, ஏறிக்கிறேன், யார் சிரிச்சா எனக்கென்ன. ஆனா அந்தக் கதவு தானா திறந்தது நல்லாத்தான் இருந்துச்சு.